இந்தியாவில் எவ்வளவு காற்று இருக்கிறது?

இந்தியாவின் காற்றிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று கேட்டதற்கு 2010-இல் அரசு சொன்ன பதில் 49 ஜிகாவாட் (ஒரு ஜிகாவாட் என்பது 1,000 மெகாவாட்). கொஞ்ச காலத்தில் அது 103 ஆனது. 2015-இல் 302. 2019-இல் 695. இப்போது அரசு ஆவணங்களில் 1,164 என்ற எண்ணும் புழங்குகிறது. இடையில் பருவக்காற்று ஒன்றும் வலுத்துவிடவில்லை. அதே தென்மேற்குக் காற்றுதான், அதே ஆரல்வாய்மொழிக் கணவாய்தான். கேள்வி கேட்ட விதம்தான் மாறியிருக்கிறது.

முதல் எண் தரையிலிருந்து 50 மீட்டர் உயரத்தில் வீசும் காற்றுக்கானது. அடுத்தது 80 மீட்டர், அப்புறம் 100, 120, கடைசியாக 150. மரமும் கட்டடமும் மேடு பள்ளமும் காற்றைக் கீழே பிடித்து இழுக்கின்றன, மேலே போகப்போக அந்தப் பிடி தளர்கிறது. வேகம் சற்றுக் கூடினாலே போதும், ஆற்றல் அதன் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகம் 10 சதவீதம் கூடினால் ஆற்றல் 33 சதவீதம் கூடிவிடும். ஆகவே உயரம் கூடியதால் எண் கூடியது என்று இந்தக் கதையை முடித்துவிடுவதே வழக்கம்.

ஆனால் ஒரு பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் உதைக்கிறது. பொறியாளர்கள் கைக்கணக்காகப் பயன்படுத்தும் விதிப்படி 50 மீட்டரிலிருந்து 120 மீட்டருக்குப் போனால் காற்றின் வேகம் சுமார் 13 சதவீதம் கூடும், ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். எண்ணோ பதினான்கு மடங்கு ஏறியிருக்கிறது. மீதி எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி நிலத்திலிருந்து. 2010-இன் காற்று வரைபடம், காற்றுள்ள பகுதியில் பெரும்பாலும் 2 சதவீத நிலம்தான் காற்றாலைக்குக் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டது. 2015-இன் கணக்கு தரிசு நிலத்தில் 80 சதவீதம், சாகுபடி நிலத்தில் 30 சதவீதம், காட்டில் 5 சதவீதம் என்று கணக்கிட்டது. இன்னொரு பங்கு இயந்திரத்திலிருந்து வந்தது. இறக்கைகள் நீண்டதால், முன்பு போதாது என்று தள்ளப்பட்ட மெதுவான காற்றும் கணக்குக்குள் வந்துவிட்டது.

எண் பொய் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றும் அதனதன் அனுமானங்களுக்குச் சரியானதே. ஆனால் அமைச்சர் மேடையில் சொல்லும்போதும் செய்தித்தாளில் தலைப்பாகும்போதும் அனுமானம் உதிர்ந்துவிடுகிறது, எண் மட்டும் மிஞ்சுகிறது. நாற்பது ஆண்டு காற்றாலைக் கொள்கையைத் திரும்பிப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: மெகாவாட்டை எண்ணுவதில் நாம் காட்டிய அக்கறையில் பாதியைக்கூட அளப்பதிலும் சோதிப்பதிலும் காட்டவில்லை. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து அளந்த இடங்களில் மட்டுமே கொள்கை சறுக்காமல் நடந்திருக்கிறது.

அப்படி உட்கார்ந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அன்னா மணி. 1918-இல் பீருமேட்டில் பிறந்தவர். வானிலைக் கருவிகளை இங்கேயே செய்ய வேண்டும், செய்த கருவியைச் சரிபார்த்தே தீர வேண்டும் என்பதில் பிடிவாதமானவர். இந்திய வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். பெங்களூரில் இருந்துகொண்டு, நாடு முழுவதும் காற்றை அளக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்.

அந்த வேலை ஏன் தேவைப்பட்டது என்பது சுவாரஸ்யமானது. வானிலைத் துறையிடம் பல பத்தாண்டுக் காற்றுக் கணக்கு இருந்தது. ஆனால் அந்தக் கருவிகள் ஊருக்குள்ளும் விமான நிலையங்களிலும், பத்து மீட்டர் உயரத்திலும் அதற்குக் கீழேயும் நின்றவை. மழை வருமா, விமானம் இறங்கலாமா என்று பார்ப்பதற்கு வைத்தவை. பக்கத்தில் ஒரு வேப்பமரம் வளர்ந்தால் அந்த ஊரில் காற்று குறைந்துவிட்டதாகப் பதிவாகும். காற்றாலைக்குத் தேவை கணவாயின் வாயில், கரட்டின் மேல், கடலோரப் பொட்டலில், ஆள் போகாத இடத்தில் ஆண்டு முழுவதும் எடுத்த அளவு. கிண்ணம் சுற்றும் அனிமாமீட்டரைக் கம்பத்தில் ஏற்றி, மணிக்கணக்காக வரும் எண்களைச் சேகரித்து, கருவி பழுதான நாட்களைக் கழித்து, சரிபார்த்து அச்சிடுவது அலுப்பான வேலை. எழுநூறுக்கு மேற்பட்ட இடங்களில் அது நடந்தது. அதன் முடிவுகள் 1980-களிலும் 90-களிலும் தொகுதி தொகுதியாக வந்தன. முதலீடு செய்ய வந்தவர்கள் எங்கே நிலம் வாங்குவது என்று தேடியபோது கையில் இருந்தது அந்த அட்டவணைகள்தான்.

1986-இல் குஜராத்தின் ஓகா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி, இங்கே தூத்துக்குடி என்று கடலோரங்களில் அரசின் செயல்விளக்கக் காற்றாலைகள் எழுந்தன. டென்மார்க்கிலிருந்து வந்த 55 கிலோவாட் இயந்திரங்கள். இன்றைய 3 மெகாவாட் இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தினால் பொம்மை போல இருக்கும். ஆனால் அந்தப் பொம்மைக்குள் ஒரு நாட்டின் ஆராய்ச்சிக் கொள்கை இருந்தது.

1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பல நாடுகள் காற்றைத் தேடிப் போயின. அமெரிக்கா விண்வெளித் துறையிடம் வேலையைக் கொடுத்தது. விமானம் செய்யத் தெரிந்தவர்களுக்கு இறக்கை செய்யத் தெரியாதா என்ற நினைப்பு. நாசாவின் மேற்பார்வையில் போயிங் போன்ற நிறுவனங்கள் மேலும் மேலும் பெரிய இயந்திரங்களைச் செய்தன. அவற்றில் ஒன்றுகூட சந்தையில் வேர் பிடிக்கவில்லை. ஜெர்மனி ‘குரோவியன்’ என்ற ராட்சசனை 1983-இல் நிறுத்தியது. 3 மெகாவாட், 100 மீட்டர் விட்டம். 1987-இல் கைவிடப்படும் வரை அது ஓடியது மொத்தம் சுமார் 420 மணி நேரம், மூன்று வாரத்துக்கும் குறைவு.

டென்மார்க் வேறு வழியில் போனது. அங்கே கருவிகளைச் செய்தவர்கள் பண்ணை இயந்திரப் பட்டறைக்காரர்கள். 1957-இல் யோஹன்னஸ் யூல் என்ற பொறியாளர் கெட்சர் என்ற இடத்தில் நிறுத்திய மூன்று இறக்கை இயந்திரம்தான் அவர்களுக்கு முன்மாதிரி. அரசு செய்தது இரண்டே காரியம். ரிசோ ஆய்வகத்தில் 1978-இல் ஒரு பரிசோதனை நிலையம் அமைத்தது. அடுத்த ஆண்டு, காற்றாலை வாங்குபவருக்கு விலையில் 30 சதவீதம் மானியம் என்று அறிவித்தது. அதில் ஒரு நிபந்தனை: ரிசோ பார்த்து ஒப்புதல் கொடுத்த இயந்திரத்துக்கு மட்டுமே மானியம்.

அந்த ஒரு நிபந்தனை செய்த வேலையைப் பெரிய பெரிய திட்ட அறிக்கைகள் செய்யவில்லை. மானியம் வேண்டுமானால் பட்டறைக்காரர் தன் இயந்திரத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆய்வகம் பிரேக் சரியில்லை, இறக்கையின் அடிப்பகுதி பலமில்லை என்று திருப்பி அனுப்பும். ஒருவர் செய்த தப்பு அடுத்தவருக்குப் பாடமானது. 22 கிலோவாட், 30, 55 என்று இயந்திரம் படிப்படியாக வளர்ந்தது. தூத்துக்குடிக் கடற்கரையில் நின்றது அந்தப் படிகளில் ஒன்று. இன்று டென்மார்க்கின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது.

நாமும் மானியம் கொடுத்தோம். எதற்குக் கொடுத்தோம் என்பதில்தான் வித்தியாசம். 1990-களின் தொடக்கத்தில் காற்றாலைக்கு முதல் ஆண்டிலேயே 100 சதவீதத் தேய்மானக் கழிவு கிடைத்தது. ஒரு பஞ்சாலை முதலாளியின் இடத்தில் உட்கார்ந்து பார்ப்போம். ஆலையில் ஒரு கோடி ரூபாய் லாபம். அதில் ஏறத்தாழ 46 லட்சம் வரியாகப் போக வேண்டும். அந்த ஆண்டே ஒரு கோடிக்குக் காற்றாலை வாங்கினால், முழுத் தொகையையும் தேய்மானமாகக் காட்டிவிடலாம். லாபம் பூஜ்யம், அந்த ஆண்டு வரியும் பூஜ்யம். காற்றாலை சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் 46 லட்சம் கையில் நிற்கும். கோயம்புத்தூர், திருப்பூர், ராஜபாளையம் ஆடிட்டர்கள் இதை முதலாளிகளுக்கு விளக்க அதிக நேரம் பிடித்திருக்காது.

அதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஓர் ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்ட இயந்திரத்துக்குப் பாதித் தேய்மானம்தான். முழுதும் வேண்டுமானால் செப்டம்பர் 30-க்குள் ஓட்டிக் காட்டிவிட வேண்டும். தென்மாவட்டங்களில் காற்று மே மாதம் கிளம்பி செப்டம்பரில் ஓய்ந்துவிடும். காற்று ஓய்கிற நேரத்தில் காற்றாலையை ஓட்டி முடிக்க அவசரப்படும் விநோதத்தை வருமானவரிச் சட்டம்தான் உண்டாக்கியது. காற்றாலைக்குக் காலண்டர் வைகாசியிலிருந்து தொடங்குகிறது என்று வரித்துறைக்கு யார் போய்ச் சொல்வது?

இதனால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. 1997 மார்ச்சில் நாட்டில் சுமார் 900 மெகாவாட் காற்றாலைகள் நின்றன. வளரும் நாடுகளில் அப்போது வேறு யாரும் அந்த இடத்தில் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் உலக வரைபடத்தில் ஏறியது. ஆனால் வந்த இயந்திரங்கள் ஐரோப்பாவின் நிலையான மின்வலைக்காகச் செய்யப்பட்டவை. இங்கே அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்பதே அபூர்வம், வோல்டேஜ் ஏறி இறங்கும், கிராமத்து லைன் நாளுக்குப் பல தடவை விழும். லைன் விழுந்தால் இயந்திரம் நின்றுவிடும், நல்ல காற்று வீணாகும். வெயிலும் தூசியும் கியர்பாக்ஸைத் தனியாகக் கவனித்துக்கொண்டன. நிறைய இயந்திரங்கள் சொன்ன உற்பத்தியைத் தரவில்லை. 1996-இல் குறைந்தபட்ச மாற்று வரி வந்தது. தேய்மானத்தைக் காட்டி வரியை முழுக்கத் தவிர்க்க முடியாது என்றானதும் சந்தை ஒரே ஆண்டில் படுத்துவிட்டது.

இதெல்லாம் முடிந்த பிறகு, 1998-இல்தான் சென்னையில் தேசியக் காற்றாலைத் தொழில்நுட்ப மையம் பிறந்தது. பரிசோதனை நிலையம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றில் அமைந்தது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே கயத்தாறு. டென்மார்க்கின் உதவியும் ரிசோவின் அனுபவமும் சேர்ந்தே அது வந்தது. 2015-இல் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் என்று பெயர் மாறியது. சென்னைக்காரர்கள் பலர் பள்ளிக்கரணை வழியாகப் போகும்போது அந்தப் பெயர்ப்பலகையைக் கவனிக்காமலே கடந்திருப்பார்கள். டென்மார்க்கில் பரிசோதனை நிலையம் வந்து ஓர் ஆண்டில் மானியம் வந்தது. இங்கே மானியம் வந்து, 900 மெகாவாட் நட்டு, சந்தையும் விழுந்த பிறகு பரிசோதனை நிலையம் வந்தது.

வந்த பிறகு அது செய்த வேலை சாதாரணமானதல்ல. கயத்தாற்றில் ஓர் இயந்திரத்தின் திறனை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்த்தால் புரியும். சோதிக்கப்படும் காற்றாலைக்குக் காற்று வரும் திசையில், இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு தள்ளி ஒரு கம்பம் நிற்கும். அதன் உச்சியில், காற்றாலையின் மையம் இருக்கும் அதே உயரத்தில், அனிமாமீட்டர். பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரி: காற்றின் வேகம் இவ்வளவு, அதே பத்து நிமிடத்தில் இயந்திரம் கொடுத்த மின்சாரம் இவ்வளவு. வேகத்தை அரை மீட்டர், அரை மீட்டராகப் பெட்டிகளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் குறைந்தது அரைமணி நேர அளவு சேர வேண்டும், மொத்தம் 180 மணி நேரமாவது தேற வேண்டும். காற்று தவறான திசையிலிருந்து வந்த நிமிடங்கள் கழிக்கப்படும். நொடிக்கு 15 மீட்டர் காற்றுக்காக ஆடி மாதம் வரை காத்திருக்கவும் நேரும். கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு வளைகோடு. விற்பனையாளர் காட்டிய கோட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் யார் சொன்னது உண்மை என்று தெரிந்துவிடும்.

இந்தச் சான்றிதழோடு அங்கீகரிக்கப்பட்ட மாடல்களின் பட்டியலும் வந்தது. பட்டியலில் இல்லாத இயந்திரத்தை மின்வலையில் இணைக்க முடியாது. டென்மார்க்கின் பழைய நிபந்தனை இருபது ஆண்டு தாமதமாக நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. 2025-இல் அந்தப் பட்டியலை இன்னும் இறுக்கினார்கள். இறக்கை, கோபுரம், கியர்பாக்ஸ், ஜெனரேட்டர் எங்கிருந்து வருகின்றன என்பதும் பார்க்கப்படும், ஆராய்ச்சிப் பிரிவும் தரவு மையமும் இந்தியாவில் இருக்க வேண்டும்.

உள்நாட்டு ஆராய்ச்சி என்ற பேச்சில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. ஐரோப்பாவை விட மெதுவாகக் காற்று வீசும் நாட்டுக்கு நீண்ட இறக்கையும் உயர்ந்த கோபுரமும் தேவை என்பது இங்கே அளந்தவர்களுக்கு எப்போதோ தெரியும். பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் குறைந்த விலையில் 500 கிலோவாட் இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றது. அது தயாரானபோது சந்தை 2 மெகாவாட்டுக்குப் போய்விட்டிருந்தது. ஆட்கள் இல்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. டென்மார்க்கின் வெஸ்டாஸ் தன் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றைச் சென்னையிலேயே வைத்திருக்கிறது. நம் பொறியாளர்கள் இங்கே உட்கார்ந்து உலகத்துக்கெல்லாம் இறக்கைக் கணக்குப் போடுகிறார்கள்.

ஆராய்ச்சிக்கு வேண்டியது தொடர்ச்சி. கொள்கையோ ஊஞ்சல் ஆடியது. 2009 டிசம்பரில் ஒரு நல்ல காரியம் நடந்தது. நட்டதற்கு அல்ல, உற்பத்தி செய்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா ஊக்கத்தொகை என்று அறிவித்தார்கள். காற்றாலை சுற்றினால்தான் காசு. 2012-இல் அதையும், முதல் ஆண்டிலேயே பெருந்தொகையைக் கழிக்கவிடும் வேகத் தேய்மானத்தையும் ஒருசேர நிறுத்தினார்கள். 2011-12-இல் சுமார் 3,200 மெகாவாட் சேர்ந்த நாட்டில் அடுத்த ஆண்டு 1,700 மெகாவாட்தான் சேர்ந்தது. அப்புறம் இரண்டும் திரும்ப வந்தன. 2017-இல் ஊக்கத்தொகை மறுபடி போனது, தேய்மானம் பாதியானது, குறைந்த விலைக்கு மின்சாரம் தர முன்வருபவருக்கே வாய்ப்பு என்ற ஏலமுறை வந்தது. 2016-17-இல் 5,500 மெகாவாட், அதற்கடுத்த ஆண்டு 1,800 மெகாவாட். இப்படி ஏறி இறங்கும் சந்தையில் ஒரு தொழிற்சாலை ஐந்தாண்டு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்காது, அடுத்த மார்ச்சுக்கு ஆர்டர் இருக்கிறதா என்றுதான் பார்க்கும்.

ஏலம் விலையை அடியோடு இறக்கியது உண்மை. 2017 பிப்ரவரியில் யூனிட் 3 ரூபாய் 46 பைசா, அதே ஆண்டு டிசம்பரில் 2 ரூபாய் 43 பைசா. ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே விலைப் போட்டி என்றால் எல்லோரும் காற்று அதிகமுள்ள ஒரே இடத்துக்குத்தான் ஓடுவார்கள். குஜராத்தின் கட்ச்சில் நிலத்துக்கும் துணைமின் நிலையத்துக்கும் தள்ளுமுள்ளு ஆனது. ஏழெட்டு மாநிலங்களின் காற்றை வரைபடம் போட்டு வைத்திருந்த நாடு, அந்த வரைபடத்தைப் பார்க்காமல் ஏலம் நடத்தியது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. 2022-க்குள் 60 ஜிகாவாட் என்பது இலக்கு. அந்த ஆண்டு முடிவில் இருந்தது சுமார் 42. 50-ஐத் தொட 2025 மார்ச் ஆனது. இதற்கிடையில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டைக் குஜராத் முந்திவிட்டது.

தமிழ்நாடு சில விஷயங்களில் மற்றவர்களுக்கு முன்பே தடுக்கி விழுந்து கற்றுக்கொண்டது. காற்று மின்சாரத்தில் பெரும்பங்கு ஐந்தே மாதத்தில் வந்து குவிகிறது. ஒரே நாளில் 10 கோடி யூனிட்டைத் தாண்டிய நாட்கள் உண்டு. காற்றில்லாத மாதங்களில் அதில் சிறு பங்குகூட வராது. இதற்காகத்தான் ‘பேங்கிங்’ ஏற்பாடு. ஆடியில் உற்பத்தியானதை மின்வாரியத்தின் கணக்கில் போட்டு வைத்து, ஆலைக்காரர் தையில் எடுத்துக்கொள்வார், அதற்கு ஒரு கட்டணம். மின்வாரியம் மின்சாரத்தை எங்கேயும் பூட்டி வைப்பதில்லை, ஆடியில் அதை விற்றுவிட்டுத் தையில் வேறெங்கோ வாங்கிக் கொடுக்கிறது. அந்த விலை வித்தியாசத்தை யார் சுமப்பது என்பதுதான் முப்பதாண்டு வழக்கு.

இந்தச் சச்சரவில் ஒரு பாதி முன்கணிப்பால் தீரக்கூடியது. நாளைக்குக் காற்று எப்படி என்று 15 நிமிடத்துக்கு ஒன்றாக, நாளுக்கு 96 எண்கள் சொல்ல வேண்டும். மதியம் மூன்று மணிக்கு செங்கோட்டைக் கணவாயில் காற்று ஏறும் என்று காலையிலேயே தெரிந்தால் அனல்மின் நிலையத்தை மெல்லக் குறைத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் காற்றாலையை நிறுத்தச் சொல்வார்கள். இன்னொரு பாதி கம்பியால் தீரக்கூடியது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை வந்திருக்கும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை, 6,000 மெகாவாட் திறன் கொண்டது, மின்சாரத்தை இரு திசையிலும் கொண்டுபோகும். தெற்கில் காற்று மிஞ்சினால் வடக்குக்கு அனுப்பலாம். காற்றாலைக் கொள்கை என்று நாம் பேசும்போது விசிறியைப் பற்றியே பேசுகிறோம், அதைவிட அதிகம் பேச வேண்டியது இந்தக் கம்பியைப் பற்றி.

கடலுக்குப் போனால் அளக்கும் பிரச்சினை இன்னும் பெரிதாகிறது. கடல் காற்றாலைக்கான தேசியக் கொள்கை 2015-இல் வந்தது. 2018-இல், 2030-க்குள் 30 ஜிகாவாட் என்று இலக்கு அறிவித்தார்கள். அப்போது கடலுக்குள் நின்று காற்றை அளந்துகொண்டிருந்தது காம்பே வளைகுடாவில் கரையிலிருந்து 23 கிலோமீட்டர் தள்ளி வைத்த ஒரு லைடார் கருவி. அது லேசர் கதிரை மேலே அனுப்பும், காற்றில் மிதக்கும் தூசியில் பட்டுத் திரும்பும் ஒளியின் மாற்றத்திலிருந்து ஒவ்வொரு உயரத்திலும் வேகத்தைக் கணக்கிடும். கம்பம் தேவையில்லை என்பது பெரிய வசதி. ஆனால் 7,500 கிலோமீட்டர் கடற்கரைக்கு அது ஒன்று. தமிழ்நாட்டுப் பக்கம் தனுஷ்கோடியில் கரையில் நட்ட 100 மீட்டர் கம்பம்.

நெதர்லாந்து இதை வேறு மாதிரி செய்தது. கடலில் எங்கே காற்றாலை வரலாம் என்று அரசே முடிவு செய்து, காற்று, அலை, கடலடி மண் எல்லாவற்றையும் தன் செலவில் ஆய்வு செய்து, அந்த அறிக்கைகளை ஏலம் கேட்கும் எல்லோருக்கும் கொடுத்தது. கம்பியைக் கரை வரை இழுப்பதும் அரசின் பொறுப்பு. ஏலம் கேட்பவருக்குத் தெரியாதது குறைந்தால் அவர் சொல்லும் விலையும் குறையும். 2016-இல் போர்செலே ஏலத்தில் விலை யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு இறங்கியது. இங்கே தமிழ்நாட்டுக் கடலின் பெரும்பகுதிக்கு யோசித்த வழி, கடலடியைக் குத்தகைக்கு விட்டு, எடுத்தவரே ஆய்வு செய்துகொள்ளட்டும் என்பது. மன்னார் வளைகுடாவில் காற்று நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் என்று தெரியும். மண் எப்படி, அலை எப்படி என்பதையெல்லாம் தனியார் ஒருவர் தன் பணத்தைப் போட்டுக் கண்டுபிடித்தால், அந்தத் தரவு அவருடைய பெட்டிக்குள் போய்விடும்.

2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது. குஜராத்தில் 500, தமிழ்நாட்டில் 500 என்று 1,000 மெகாவாட்டுக்கு, செலவுக்கும் வருவாய்க்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் நிதி, அதோடு இரண்டு துறைமுகங்களைச் சீர்செய்ய 600 கோடி. துறைமுகத்துக்குப் பணம் வைத்தது நல்ல யோசனை. 80 மீட்டர் நீள இறக்கையைச் சாதாரண ஜெட்டியில் ஏற்றிவிட முடியாது. ஆனால் காற்றும் மண்ணும் போல இன்னொன்றையும் அளந்தாக வேண்டும். கடலடிக் கேபிள் போகும் வழியில் எந்த ஊர்க்காரர் எந்த மாதத்தில் எந்த வலை போடுகிறார், மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கொண்ட தேசியப் பூங்காவின் பவளப்பாறைகளிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் முதலிலேயே மீனவரோடு உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டும். கன்னியாகுமரிக் கரையில் கேட்கப்படும் முதல் கேள்வி யூனிட் என்ன விலை என்பதாக இருக்காது.

கரைக்குத் திரும்புவோம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழி தாண்டியதும் இடமும் வலமும் பார்த்தால் தெரியும். பின்னல் கம்பிக் கோபுரத்தின் மேல் குட்டைக் காத்தாடிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 225, 250 கிலோவாட் இயந்திரங்கள், தொண்ணூறுகளின் வரிக்கணக்கில் பிறந்தவை. நாட்டின் மிகச் சிறந்த காற்றில் மிகப் பழைய இயந்திரங்கள் நிற்கின்றன. முன்னால் நிற்பது காற்றைக் குடித்துவிட்டு அனுப்பும் கலக்கலில்தான் பின்னால் நிற்பது சுற்ற வேண்டும். இவற்றை எடுத்துவிட்டுப் பெரியதை வைத்தால் அதே நிலத்தில் இரண்டு மடங்குக்கு மேல் மின்சாரம் வரும். 2 மெகாவாட்டுக்குக் குறைந்த பழைய இயந்திரங்களை மாற்றியமைக்கும் வாய்ப்பு நாடு முழுவதும் 25 ஜிகாவாட் என்பது தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் மதிப்பீடு.

இதற்கு 2016-இல் ஒரு மத்தியக் கொள்கை வந்தது, பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2023-இல் திருத்தி எழுதினார்கள். 2024-இல் தமிழ்நாடு தனியாக ஒன்று வெளியிட்டது. அதில் மெகாவாட்டுக்கு 30 லட்சம் ரூபாய் கட்டணம் என்றதும், புதிய இயந்திரத்துக்கு பேங்கிங் கிடைக்குமா என்ற சந்தேகமும் சேர்ந்து, உரிமையாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் நிலையையும் பார்க்க வேண்டும். பழைய இயந்திரத்தின் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. இன்று அது தருவதெல்லாம் லாபம், கூடவே பழைய சலுகைகள். அதை இறக்கிவிட்டு, கடன் வாங்கி, சலுகையையும் இழக்க யார் முன்வருவார்?

அதற்கு மேல் நிலம். ஒரு 3 மெகாவாட் இயந்திரம் நிற்க வேண்டுமானால் சுமார் பன்னிரண்டு 250 கிலோவாட் இயந்திரங்களாவது இறங்க வேண்டும், சுற்றி இடைவெளியும் விட வேண்டும். அந்தப் பன்னிரண்டும் ஒருவருடையதாக இருக்காது. ஒன்று கோயம்புத்தூர் ஆலைக்காரருடையது, இரண்டு எப்போதோ மூடிப்போன சென்னைக் கம்பெனி ஒன்றின் பெயரில், நான்கு அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்குப் பிரிந்தவை. ஒவ்வொன்றும் தனிச் சர்வே எண், தனி மீட்டர், தனி ஒப்பந்தம். யாருக்கு எத்தனை பங்கு, புதிய மீட்டர் யார் பெயரில் என்ற கேள்விகளுக்கு எந்தக் காற்று வரைபடத்திலும் பதில் கிடையாது. முப்பந்தலைப் புதுப்பிக்க வருகிறவர் முதலில் போக வேண்டிய இடம் கயத்தாற்றுப் பரிசோதனை நிலையமல்ல. கிராம நிர்வாக அலுவலகத்தில் உட்கார்ந்து, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பன்னிரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும்.